ஆறு இடம் மாறினால் எல்லையும் மாறுமா? கேள்வி பதில்

கேள்வி: ஆறுதான் எல்லை என்றால் கோடு எங்கே போகும் சார்? நடுவிலா, கரையிலா?

பதில்: ஒப்பந்தத்தில் எழுதியதுதான் கணக்கு. பொதுவாகக் கப்பல் போகும் ஆறு என்றால் ஆழமான நீர்ப்பாதையை ஒட்டியும், மற்றவற்றில் நடுவிலும் கோடு போடுவார்கள். 1937 ஒப்பந்தப்படி ஈராக்குக்கும் ஈரானுக்கும் எல்லையான ஷட் அல் அராப் ஆற்றின் பெரும்பகுதி ஈரான் கரையோரம் வரை ஈராக்கிடம் இருந்தது. 1975-ல் அல்ஜியர்ஸில் அதை ஆழமான பாதைக்கு மாற்றினார்கள், 1980-ல் சதாம் உசேன் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்துவிட்டுப் போருக்குப் போனார். போருக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்தக் கோடு அதில் முக்கியமானது. நம் பக்கத்தில் குஜராத்தை ஒட்டிய சர் கிரீக் கழிமுகமும் இதே தகராறுதான்: இந்தியா நடுவில் என்கிறது, பாகிஸ்தான் கிழக்குக் கரை என்கிறது.

கேள்வி: வெள்ளத்தில் ஆறு திசை மாறிவிட்டால்?

பதில்: எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும். ஒரு கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து மறு கரையில் மண் சேர்த்துக்கொண்டே நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். திடீரென்று பழைய தடத்தை விட்டுப் புதுத் தடம் பிடித்தால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். அமெரிக்காவும் மெக்சிகோவும் 1884-ல் ரியோ கிராண்டே ஆற்றுக்கு இப்படித்தான் எழுதிக்கொண்டன. ஆனால் அமெரிக்காவின் எல் பாசோவுக்கும் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸுக்கும் நடுவே ஆறு இரண்டு விதமாகவும் நகர்ந்திருந்தது, அதுவும் 1864 வெள்ளத்தில் தெற்கே ஒரேயடியாகப் பாய்ந்துவிட்டது. ஆற்றின் வடக்கே போய்ச் சேர்ந்த அந்த நிலம்தான் சமிசால். 1911-ல் நடுவர் குழு, வெள்ளத்துக்கு முந்தைய தடம்தான் எல்லை, அதற்குத் தெற்கே உள்ளது மெக்சிகோவுடையது என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா ஏற்கவில்லை. நடுவர் வேண்டும் என்று தானே ஒத்துக்கொண்டுவிட்டு, தீர்ப்பு பாதகமாக வந்ததும் மறுத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. கடைசியில் 1963-ல், கென்னடி காலத்தில்தான் அந்த நிலத்தில் பெரும்பகுதியை மெக்சிகோவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் வந்தது. அப்புறம் ஆற்றையே கான்கிரீட் கால்வாய்க்குள் ஓடவிட்டார்கள், இனி அது நகரக்கூடாது என்று!

கேள்வி: அங்கே குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: எல் பாசோ பக்கம் 5,000 பேருக்கு மேல் வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. பலர் மெக்சிகோ வம்சாவளியினர். இழப்பீடு கொடுத்தார்கள்தான், ஆனால் அக்கம்பக்கத்தில் சேர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் சிதறிப்போயின. இரு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கிய படங்களையே எல்லாரும் காட்டுகிறார்கள், இவர்களைப் பற்றியும் அதே அளவு பேச வேண்டும்.

கேள்வி: அப்போ மலைதான் பாதுகாப்பான எல்லையா அண்ணா?

பதில்: பாறை வரைக்கும் சரி. ஆல்ப்ஸில் இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே நீர்பிரி கோடு, அதாவது தண்ணீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் முகடு, எல்லையாக இருக்கிறது; சில இடங்களில் அது பனிப்பாறை மேல் போகிறது. பனி உருக உருக அந்தக் கோடும் இடம் மாறுகிறது, அதை இரு நாடுகளுமே ஒப்புக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: சண்டையே இல்லாமல் நிலத்தை மாற்றிக்கொண்டவர்கள் உண்டா?

பதில்: உண்டு. பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் எல்லையான மாஸ் ஆற்றை நேராக்கியபோது பெல்ஜியத்தின் சில துண்டுகள் நெதர்லாந்துக் கரையிலும், நெதர்லாந்தின் ஒரு துண்டு பெல்ஜியக் கரையிலும் ஒட்டிக்கொண்டன. நெதர்லாந்துக் கரையில் ஒட்டிய பெல்ஜியத் துண்டில் ஒரு பிணம் கிடந்தபோது பெல்ஜியப் போலீஸ் படகில்தான் போக வேண்டியிருந்தது. 2018 தொடக்கத்தில் மாற்றிக்கொண்டார்கள், பெல்ஜியம் கொடுத்ததுதான் அதிகம். இவ்வளவு சுலபமாக முடிந்ததற்குக் காரணம், அந்தத் துண்டுகளில் யாரும் குடியிருக்கவில்லை.