ஏழாவது படிக்கும் மகளை எதில் சேர்ப்பது?

தம்பி, உங்கள் கேள்வியைத் திருவையாற்றில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். கும்பகோணத்திலிருந்து ஓஹையோவுக்குக் குடிவந்து நாலு மாதம். மகள் ஏழாவது போகப் போகிறாள், வகுப்பில் வாயே திறப்பதில்லை என்கிறார் டீச்சர். இந்த நேரத்தில், ‘உங்கள் மகள் இளம் தலைவராகத் தேர்வாகியிருக்கிறாள்’ என்று ஒரு கடிதம். ஒரு வாரத் தலைமைப் பண்பு முகாமுக்கு ஆயிரக்கணக்கில் டாலர். கட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

கட்டாதீர்கள். என் மகன் ஆறாவது படித்தபோது எங்களுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது, தங்கக் கலர் முத்திரையோடு. பெருமையில் அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டேன். அப்புறம் விசாரித்தால் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டுக்கு அதே கடிதம். போன பணம் போனதுதான்.

முதலில் ‘லீடர்’ என்ற சொல்லை நம் தலையிலிருந்து கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். நமக்கு லீடர் என்றால், வாத்தியார் வெளியே போனதும் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுகிறவன். பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி வேறு. நானும் எழுதியிருக்கிறேன். உங்கள் மகளும் அதைப் பார்த்து வந்தவள்தான். அதனால் ‘லீடர் ஆகு’ என்று சொன்னால் ஒதுங்குவாள். ஒரு வேலையைக் கொடுங்கள், செய்வாள்.

அங்கே வேலையைக் கையில் கொடுக்கிற இடம் என்று பார்த்தால், என் ஓட்டு ஃபோர் எச் (4-H) என்ற பிள்ளைகள் கிளப்புக்கு. தலை, இதயம், கை, உடல்நலம் என்ற நாலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே முதலெழுத்து, அதுதான் பெயர். பிறந்த இடமே உங்கள் ஓஹையோதான். 1902இல் கிளார்க் கவுண்டியில் ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் மக்காச்சோளம், காய்கறித் தோட்டம் என்று பிள்ளைகளை வைத்துத் தொடங்கியது. இப்போது ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு நடத்துகிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் வயலுக்கு வந்து விதை பற்றிச் சொல்வார்களே, அந்த மாதிரி வேலையின் ஒரு கிளை. செலவும் குறைவு. ஆடு, முயல்தான் வளர்க்க வேண்டும் என்றில்லை. சமையல், தையல், ராக்கெட், எது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

கூட்டத்தை நடத்துவது பிள்ளைகளே. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் தேர்தல் வைத்து. ‘முன்மொழிகிறேன்’, ‘வழிமொழிகிறேன்’ என்று பன்னிரண்டு வயதுக் குழந்தை முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு சொல்வதைப் பார்க்கச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பேசாத பிள்ளைக்குச் செயலாளர் பதவி நல்லது. போன கூட்டத்தில் என்ன முடிவானது என்று எழுதி வைத்து அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும். வாசிப்பதற்குத் தாள் கையில் இருக்கும்போது பயம் பாதியாகிவிடும். என் மகள் அப்படித்தான் வாய் திறந்தாள். கோடையில், எடுத்த வேலையை மதிப்பிடும் நடுவரிடம் பிள்ளையே உட்கார்ந்து அதை விளக்க வேண்டும். பெற்றோர் தள்ளி நிற்க வேண்டும்.

இன்னொன்று சாரணர். பாய் ஸ்கவுட்ஸ் என்று இருந்ததுக்கு 2025 பிப்ரவரியிலிருந்து ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று பெயர். உங்கள் மகள் வயதுக்காரர்களுக்கான பிரிவில் 11 வயதிலிருந்து சேரலாம், அதில் 2019 முதல் பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. கேர்ள் ஸ்கவுட்ஸ் தனி. ஸ்கவுட்டிங் அமெரிக்காவில் பிள்ளைகள் சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள்.

என் மகனுக்கு முதல் முகாமில் எட்டுப் பேருக்குச் சாப்பாட்டுப் பொறுப்பு. பட்ஜெட் போட்டு, கடைக்குப் போய், பான்கேக் மாவு, முட்டை, பால் எல்லாம் வாங்கினான். எண்ணெயை மறந்துவிட்டான். கடையிலேயே எனக்குத் தெரியும். சொல்லாதே என்று என் மனைவி கையைக் கிள்ளினாள். காலையில் மாவு சட்டியோடு ஒட்டிக்கொண்டு, சுரண்டச் சுரண்டக் கருகல் வாசனை. பக்கத்து மேசையில் ஸ்கவுட் மாஸ்டரின் பெட்டியில் முழு பாட்டில் எண்ணெய் இருக்கிறது, மனுஷன் காப்பி குடித்துக்கொண்டு சும்மா பார்க்கிறார். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. பிள்ளைகள் அந்தத் துணுக்குகளில் சிரப்பை ஊற்றிச் சிரித்துக்கொண்டே தின்றார்கள். அடுத்த முகாமுக்கு அவன் எழுதின பட்டியலில் முதல் வரி எண்ணெய், அடியில் ரெண்டு கோடு.

ரோபோ அணி, மாணவர் மன்றம் எல்லாம் பள்ளியிலேயே இருக்கும், அவளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் போய்க் கேட்காதீர்கள். நம்மவர்களிடம் நான் பார்க்கிற குறை இதுதான்: பிள்ளையின் போஸ்டரை அப்பா ராத்திரி உட்கார்ந்து ஒட்டுவது.

இன்றைக்கு இங்கே ஆடிப்பெருக்கு. காலையில் எங்கள் தெருவிலிருந்து பொடிசுகள் சப்பரம் இழுத்துக்கொண்டு காவிரிக்குக் கிளம்பின. உங்கள் மகள் வயசு இருக்கும், ஒரு பெண்தான் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். முக்கில் ஒரு சக்கரம் கழன்று ஓடியது. சின்னவன் அழ ஆரம்பித்தான். அவள் அவனையே சக்கரத்தைப் பிடிக்க அனுப்பிவிட்டு, பாவாடையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அச்சில் மாட்டினாள். வாசலில் நாலு பெரியவர்கள் நின்றோம். ஒருத்தரும் இறங்கவில்லை, அவளும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நாளில் நானும் ஓஹையோவுக்கு, கொலம்பஸ் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். எங்கள் ஃபோர் எச் கிளப்பின் முதல் கூட்டம் ஜனவரியில், அன்றைக்கே தேர்தலும். அழைத்து வாருங்கள். நீங்கள் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்காரலாம். ஆனால் பேசக் கூடாது.