நோயாளிக்குப் பதில் மகன் விடை சொன்னால்?

கீமோ வார்டில் கியூஎல்கியூ-சி30 படிவம் (புற்றுநோயாளியின் வாழ்க்கைத்தரத்தை அளக்கும் 30 கேள்விகள்) நிரப்பும்போது மகனே விடை சொல்கிறார், சில கேள்விகள் காலியாக வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். மகன் சொன்னதை நோயாளி சொன்னதாகக் குறிக்காதீர்கள். வலியை வீட்டார் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்வார்கள். "ஐயாவே சொல்லட்டும், நீங்க ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்றால் போதும். கேள்வியை அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். விளக்கம் சேர்த்தால் விடை உங்களுடையதாகிவிடும்.

28ஆம் கேள்வி வரை விடை 1 முதல் 4. கடைசி இரண்டுக்கு மட்டும் 1 முதல் 7; அங்கே 7தான் மிக நல்லது. வலிக்கு 4 என்றால் மோசம் என்று பழகியவர் இங்கே தலைகீழாக வட்டமிடுவார், கவனியுங்கள்.

தாளை வாங்கும்போதே பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். காலியிடத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம். ஓர் அளவுகோலின் (வலி போன்ற ஒரே விஷயத்தை அளக்கும் கேள்வித் தொகுதியின்) கேள்விகளில் பாதிக்காவது விடை இருந்தால் மதிப்பெண் கணக்கிடலாம்.