மேய்ப்பர்களுக்கு ஏன் முதல் தகவல்?

கேள்வி: எங்கு திரும்பினாலும் நட்சத்திரம், மரம், தள்ளுபடி விளம்பரம். கிறிஸ்துமஸின் அர்த்தமே தொலைந்துவிட்டதே? – ஒரு வாசகி

பதில்: தொலையவில்லை அம்மா. லூக்கா நற்செய்தி 2-ம் அதிகாரத்தில் பத்திரமாக இருக்கிறது. பிறப்பின் கதை மொத்தமே 20 வசனம். அதில் குழந்தை பிறப்பதற்கு ஒரே ஒரு வசனம்: தாய் துணிகளில் சுற்றி முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடத்துகிறாள், சத்திரத்தில் இடமில்லை. அவ்வளவுதான். 8-ம் வசனத்திலிருந்து மேய்ப்பர்கள் வந்துவிடுகிறார்கள், ராத்திரியில் மந்தைக்குக் காவல் இருந்தவர்கள். தேவதூதன் வந்து சேதி சொல்வது இவர்களுக்குத்தான். ரோமப் பேரரசர் குடிமதிப்பு எடுக்கச் சொல்லி, ஜனங்கள் அவரவர் ஊருக்கு அலைகிற நேரம் அது. ஆனாலும் பிறந்த செய்தி அரண்மனைக்குப் போகவில்லை. இன்னொரு நற்செய்தியில் மத்தேயு சொல்வதைப் பார்த்தால், ஏரோது ராஜாவுக்கே வெளியூர் ஞானிகள் வந்து விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிகிறது.

நான் பல வருடம் அச்சகத்தில் ராத்திரி ஷிப்டில் பிழை திருத்தியவன். அந்த நேரத்தில் யாராவது நம்மைத் தேடி வந்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல சேதி சொல்ல ஒருவரும் வந்ததில்லை. அதனாலோ என்னவோ, இந்த இடத்தை மட்டும் மெதுவாகப் படிப்பேன். மேய்ப்பர்களுக்குச் சொல்லப்பட்ட அடையாளத்தைக் கவனியுங்கள். கிரீடம் இல்லை, மாளிகை இல்லை. தீவனத் தொட்டியில் கிடக்கும் பிள்ளை. ஆட்டு வாடையோடு வருகிறவன்கூடத் தயங்காமல் நுழையலாம். என்னைக் கேட்டால் கிறிஸ்துமஸ் அந்தத் தயக்கமின்மைதான். நம் வீட்டுக் கொண்டாட்டத்துக்குள் யாரெல்லாம் கூச்சப்படாமல் வர முடிகிறது என்று பாருங்கள்.

மற்றபடி நட்சத்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அலங்காரமும் நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததுதான். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் என்ற துறவி வைக்கோல் பரப்பி, நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் தீப்பந்தம் ஏந்தி வந்து பார்த்தார்கள். குழந்தை பட்ட சிரமத்தைக் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை.

கேள்வி: இயேசு பிறந்தது டிசம்பர் 25 அல்ல என்கிறார்களே? – ஒரு மாணவர்

பதில்: நற்செய்திகளில் தேதியே கிடையாது. 4-ம் நூற்றாண்டில் ரோமில் டிசம்பர் 25-ஐக் கொண்டாடியதற்குச் சான்று இருக்கிறது. ஆர்மேனிய திருச்சபைக்கு ஜனவரி 6. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை பழைய ஜூலியன் காலண்டரைப் பின்பற்றுவதால் 13 நாள் தள்ளி ஜனவரி 7. மேய்ப்பர்களும் தேதி கேட்டதாகத் தெரியவில்லை, தம்பி.

கேள்வி: சொத்துத் தகராறில் அண்ணனுடன் பேச்சுவார்த்தை இல்லை. பண்டிகை என்பதற்காக ஒருநாள் வாழ்த்துச் சொன்னால் அது நடிப்பு ஆகாதா? – பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: முதல் உலகப் போரில், 1914 கிறிஸ்துமஸுக்கு மேற்குப் போர்முனையில் பல இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்தார்கள். புகையிலை கைமாறியது, சட்டைப் பொத்தான்கள் கைமாறின. நடுவில் கிடந்த பிணங்களை எடுத்துப் புதைத்தார்கள். அதுவரை துப்பாக்கிக்குப் பயந்து யாரும் நெருங்காத பிணங்கள். அப்புறம் சண்டை தொடர்ந்தது. மேலதிகாரிகள் இனி இப்படி நடக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போர் முடிய 1918 ஆயிற்று. அதற்காக அந்த ஒருநாளை நடிப்பு என்பீர்களா? புதைத்த பிணம் புதைத்ததுதானே.

வழக்கு பாட்டுக்கு நடக்கட்டும், உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. போன் செய்யுங்கள். அண்ணன் எடுக்காவிட்டால் அண்ணியிடம் சொல்லுங்கள். முக்கியமாக, அன்றைக்கு மட்டும் வக்கீல் பேச்சை எடுக்காதீர்கள்.