ஒப்புக்குச் சப்பாணி – கடிதம்

அன்புள்ள சார்,

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் இருக்கிறோம். என் மகனுக்கு நாலரை வயது. பால்வாடி விட்டு வந்தால் இருட்டும்வரை கீழே பிளாக் பிள்ளைகளோடுதான். பெரிய பசங்க ஆட்டத்தில் அவன் ஒப்புக்குச் சப்பாணி; பாதி நேரம் நின்று வேடிக்கை பார்க்கிறான். பேச்சும் 'இன்னாடா', 'வந்துகினு' என்று ஆகிவிட்டது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் ஆயாதான் பார்த்துக்கொள்கிறார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் நாலு வயதுக்குள் மூன்று கோடி வார்த்தைகள் குறைவாகக் கேட்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதிலிருந்து மனசே சரியில்லை. தெருவை நிறுத்திவிட்டு டியூஷனில் போடலாமா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரி,

டியூஷன் வேண்டாம்.

அந்த மூன்று கோடி, பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் 1995இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் 42 குடும்பங்கள்; மாதம் ஒரு மணி நேரம் வீட்டுக்கே போய்ப் பேச்சைப் பதிவு செய்தார்கள். அதில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவை ஆறே ஆறு. மூன்று கோடியை யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை. பதிவான மணிநேரங்களை நாலு வயதுவரைக்கும் பெருக்கிக் கிடைத்த தொகை அது. 2018இல் டக்ளஸ் ஸ்பெரி குழுவினர் வேறு ஐந்து சமூகங்களில் கணக்கெடுத்தார்கள். அம்மாவோடு நிறுத்தாமல், வீட்டில் மற்றவர்கள் பேசுவதையும் பிள்ளையின் காதில் விழுவதையும் சேர்த்தபோது, ஏழை வீடென்றால் சொல் குறைவு என்ற முடிவு நிற்கவில்லை. ஆயா, மாடிப்படி அக்கா, தண்ணீர்க் குழாயடி எல்லாம் உள்ள ஹவுசிங் போர்டில் எந்தக் கணக்கு பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் காதில் விழுவதும் முகம் பார்த்துப் பேசுவதும் ஒன்றா என்று ஸ்பெரியை மறுத்தவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. அதே 2018இல் ரேச்சல் ரோமியோ குழுவினர் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். எத்தனை சொல் கேட்டார்கள் என்பதைவிட, பெரியவரோடு எத்தனை முறை மாறி மாறிப் பேசினார்கள் என்பதுதான் மூளையின் மொழிப்பகுதி வேலை செய்வதோடு ஒத்துப்போனது. ஆகவே ஆயா அவனை வாயாட விடுகிறாரா, அதை மட்டும் பாருங்கள்.

வேடிக்கை பார்ப்பதை வீண் என்று நினைக்காதீர்கள். கொர்ரியா-சாவேசும் பார்பரா ரோகாஃபும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிள்ளைக்குப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்கும்போது, பக்கத்தில் சும்மா காத்திருக்கும் அண்ணனையோ தங்கையையோ கவனித்தார்கள். மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலாவில், அதிகம் பள்ளி பார்க்காத மாயா பழங்குடித் தாய்மாரின் பிள்ளைகள்தான் கூர்ந்து பார்த்தார்கள். பிறகு தாங்களே செய்ய அவர்களுக்குக் குறைந்த உதவி போதுமாயிருந்தது. ஐஸ்பாய் ஆட்டத்தின் ஓரத்தில் நிற்கும் உங்கள் பையனும் இன்னும் இரண்டு வருஷத்தில் அதில் பஞ்சாயத்து பண்ணுவான்.

'இன்னாடா' பற்றி, ராயபுரத்துக்காரனான என்னிடம் கேட்டால் வேறென்ன பதில் வரும்? நாலு வயதுப் பிள்ளைகள் இரண்டு வயதுக் குழந்தையிடம் பேசும்போது தாங்களாகவே வாக்கியத்தைச் சுருக்கி எளிதாக்குகிறார்கள் என்று மெரிலின் ஷாட்ஸும் ரோசல் கெல்மனும் 1973லேயே காட்டிவிட்டார்கள். ஆளுக்கேற்பப் பேசத் தெரிந்தவன் டீச்சரிடம் டீச்சருக்கேற்பப் பேசுவான்.

ஒரு இடத்தில், கணக்கில் மட்டும், நீங்கள் கை வைக்கத்தான் வேண்டும். டெல்லியில் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவையும் வடிவத்தையும் ஒப்பிடும் கணக்கு விளையாட்டுகள் கொடுத்த ஆய்வு 2017இல் வந்தது. பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோ அதைச் செய்தவர்களில் ஒருவர். விளையாட்டில் பழகிய திறன் ஒரு வருஷத்துக்கு மேலும் நின்றது. எண்ணை எழுதிச் செய்யும் பள்ளிக்கூடக் கணக்கில் மட்டும் பலன் தெரியவில்லை. தெரு எல்லாம் கற்றுக்கொடுத்துவிடும் என்று உருகுகிற நண்பர்களிடம் இதை அடிக்கடி சொல்லிப் பார்க்கிறேன், யாருக்கும் பிடிப்பதில்லை.

எழுதிய எண்ணை ஆட்டத்துக்குள் கொண்டுவருவது சுலபம். சீக்லரும் ரமணியும் 2008இல் வெளியிட்டதில், 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய பலகையில் காய் நகர்த்தி விளையாடிய ஏழைப் பிள்ளைகளுக்கு எண்ணறிவு கூடியது. மொத்தமே சுமார் ஒரு மணி நேர ஆட்டம், இரண்டு வாரத்தில் நாலு தவணையாக. எண்ணுக்குப் பதில் வண்ணம் மட்டும் இருந்த பலகையில் அது நடக்கவில்லை. பரமபத அட்டையில் எண்கள் வளைந்து வளைந்து ஏறும், இப்போதைக்கு வேண்டாம். தரையில் சாக்பீஸால் நேராகப் பத்துக் கட்டம் போட்டு எண் எழுதுங்கள். காய் ஐந்தில் நின்று இரண்டு விழுந்தால் 'ஒன்று, இரண்டு' என்று நகர்த்தக் கூடாது. 'ஆறு, ஏழு' என்று கட்டத்தில் இருப்பதைச் சொல்லி நகர்த்த வேண்டும். ராத்திரி சோற்றுக்கு முன் கால் மணி நேரம் போதும்.