எழுபது என்ற எண் யாருடையது?

நாகர்கோவில் வாசகர் வட்டத்தில் சராசரி ஆயுள் பற்றிப் பேசினேன். முப்பது ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன் நான். அன்று வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

தக்கலை வாசகர்: சார், இந்தியரின் சராசரி ஆயுள் 70 என்கிறார்கள். எனக்கு 66 நடக்கிறது. இன்னும் நான்கு வருடம்தானா?

இல்லை ஐயா, அந்த அச்சத்தை முதலில் இறக்கி வையுங்கள். அரசின் 2016–20 ஆயுள் கணக்கில் வரும் 70, அன்று பிறந்த குழந்தைக்கானது. நீங்கள் பல கண்டங்களைத் தாண்டி வந்துவிட்டீர்கள். 60 வயதைத் தொட்டவருக்கே நம் நாட்டில் சராசரியாக இன்னும் சுமார் 18 ஆண்டுகள் உண்டு.

குளச்சல் வாசகர்: 1940களில் சராசரி 32 தானாம். எங்கள் பாட்டா (தாத்தா) 85 வரை இருந்தாரே?

எங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டா எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது. பத்துப் பிள்ளைகளின் பெயர், பிறந்த நட்சத்திரம். மூன்று பெயர்களின் மேல் மெல்லிய மைக்கோடு. மூன்றும் ஒரு மாதம் தாண்டாதவை. மற்ற ஏழு பேரும் சரியாக 70 வயது வாழ்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 49. ஆனால் 49 வயதில் ஒருவரும் சாகவில்லை! அன்றைய 32 இப்படித்தான் பெரிதும் பிஞ்சுகளின் சாவால் இறங்கிய எண். அம்மை, காலரா, பிரசவம் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. அந்த நோட்டைத் திறக்கும்போதெல்லாம் தடுப்பூசி போட்ட கைகளைக் கும்பிடத் தோன்றுகிறது.

மார்த்தாண்டம் மாணவி: சாகாதவர்களின் ஆயுளை எப்படிக் கணக்கிடுகிறார்கள், சார்?

ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்ததாக வைத்து, ஒவ்வொரு வயதிலும் இன்றைய இறப்பு விகிதத்தையே அவர்களுக்குப் பொருத்திப் பார்க்கிறோம். ஆகவே இது ஜோசியம் அல்லம்மா, இன்றைய நிலையின் படம். கொரோனாவால் அமெரிக்காவின் எண் 2019இல் 78.8 ஆக இருந்து 2021இல் 76.4 ஆனது, பிறகு ஏறிவிட்டது.

பூதப்பாண்டி வாசகர்: எனக்கும் மனைவிக்கும் ஒரே வயதுதான். டேர்ம் பாலிசியில் (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) மனைவிக்கு மட்டும் பிரீமியம் ஏன் குறைவு?

பெண்கள் கூடுதலாக வாழ்கிறார்கள்: நம் நாட்டின் அதே 2016–20 கணக்கில் ஆண் 68.6, பெண் 71.4. காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசிதாரர்களின் இறப்பை வைத்துத் தனி அட்டவணை வைத்திருக்கின்றன. அதிலும் இதே போக்குதான்.

அவரே: அப்படியானால் 60உம் நீங்கள் சொன்ன 18உம் கூட்டி, 78 வயது வரைக்கும் பணம் சேர்த்தால் போதுமா?

போதாது. ஏறக்குறைய பாதிப் பேர் சராசரியைத் தாண்டுவார்கள். 90 வரை கணக்குப் போடுங்கள். பென்ஷன் திட்டம் வாங்கினால், உங்களுக்குப் பிறகும் மனைவியின் ஆயுள் முழுக்க வருமா என்று பத்திரத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.