அப்பாவின் சொரியாசிஸ்: களிம்பு இருக்கட்டும், மாத்திரை அட்டையைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 72. பல வருஷமாக முழங்கையிலும் முழங்காலிலும் மட்டும் இருந்த சொரியாசிஸ், ஆறு மாதமாக முதுகு, தலை என்று பரவிவிட்டது. பிரஷருக்கு இந்த வருஷம் அட்டெனலால் ஆரம்பித்தார்கள். இப்போது மெத்தோட்ரெக்சேட் எழுதித் தந்திருக்கிறார்கள். புற்றுநோய் மாத்திரை என்கிறார்களே, கொடுக்கலாமா? பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. தனித் தட்டு, தனித் துண்டு, தனிப் பாய் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட தாத்தாக்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். ஏறக்குறைய ஒரு மாதத்தில் மாற வேண்டிய தோல் சில நாட்களிலேயே வளர்ந்து அடுக்கடுக்காக உதிர்கிறது, அவ்வளவுதான். கிருமி எதுவும் இல்லை.

எனக்கு உறுத்துவது அந்த அட்டெனலால். பீட்டா பிளாக்கர் என்கிற அந்த வகை பிரஷர் மாத்திரைகள் சிலருக்குச் சொரியாசிஸைக் கிளறிவிடும், அதுவும் ஆரம்பித்துச் சில மாதம் கழித்துக்கூட. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் வேறு மாத்திரைக்கு மாற்றித் தர முடியும்.

சரி, மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்கும் தருவார்கள்தான், ஆனால் சொரியாசிஸுக்குத் தருவது மிகக் குறைந்த அளவு, அதுவும் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். நான் பயப்படுவதெல்லாம் அந்த ‘ஒரு நாள்’ தவறிப்போவதற்குத்தான். மற்ற மாத்திரைகளோடு ஒரே கவரில் போட்டுக் கொடுத்ததால் ஒரு பெரியவர் இதையும் தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் ரத்த அணுக்கள் குறைந்த நிலையில் வந்து சேர்ந்தார். அப்புறம் நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: வீட்டில் தினசரி காலண்டர் இருக்குமே, அதில் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் மட்டும் பேனாவால் வட்டம் போடுங்கள், வட்டம் இல்லாத நாளில் அந்த அட்டையை யாரும் தொடக்கூடாது. கூடவே எழுதியிருக்கும் ஃபோலிக் ஆசிட்டை வேறு நாளில் கொடுங்கள்.

இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. வயதானால் அதன் வேகம் குறையும் என்பதால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ஈரல், ரத்த அணுக்கள் மூன்றையும் பார்க்காமல் ஆரம்பிக்க வேண்டாம், பிறகும் விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேரவே கூடாது, மூட்டு வலி மாத்திரையைக் கேட்காமல் வாங்கிப் போடவும் கூடாது. அப்பாவுக்குச் சாயங்காலம் ஒரு கட்டிங் பழக்கம் உண்டென்றால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சிறுநீரகம் சரியில்லை என்று வந்தால் தோலில் புற ஊதா ஒளி படவைக்கும் ஒளிச் சிகிச்சை நல்ல வழி, ஆனால் வாரம் இரண்டு மூன்று தடவை அவரை அழைத்துப் போக ஆள் வேண்டும். வீரியமான ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் தடவினால் வயதான தோல் காகிதம் மாதிரி மெலிந்து, இடித்த இடமெல்லாம் கன்றிப்போகும். குளித்து ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவுங்கள், செதில் பாதி அடங்கும். ‘ஒரே வாரத்தில் மறையும்’ என்று யாராவது ஊசி போட்டால் அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். உடம்பு முழுக்கச் சிவந்து குளிர் நடுக்கம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காலையில் எழுந்ததும் அப்பாவால் சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, நகங்களில் குண்டூசியால் குத்தியது போலக் குழிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பொத்தான் போட முடியவில்லை என்றாலோ குழிகள் இருந்தாலோ மூட்டுகளையும் இந்த நோய் பிடித்திருக்கலாம், மருந்தைத் தேர்ந்தெடுப்பதே மாறும்.