இங்கிலாந்தில் வீடு வாங்கும் முன், பின்பக்கம் இழுத்துக் கட்டிய அறைக்கு அனுமதி இருக்கிறதா என்று ஏன் பார்க்க வேண்டும்?

கட்டடத்தின் அளவும் இடமும் சரி என்று உள்ளூர் கவுன்சில் தரும் ஒப்புதல்தான் பிளானிங் பெர்மிஷன். அது இல்லாமல் கட்டியிருந்தால், இடிக்கச் சொல்லும் நோட்டீஸ் கட்டியவரைத் தேடிப் போகாது. இன்றைய உரிமையாளருக்குத்தான் வரும். அந்தப் பொறுப்பு வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும்.

எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டியதில்லை. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடென்றால் பின்சுவரிலிருந்து 3 மீட்டர், தனி வீடென்றால் 4 மீட்டர் வரையிலான ஒற்றைத்தள அறையை, மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டால் விண்ணப்பிக்காமலே கட்டலாம். ஆனால் 'பின்சுவர்' என்பது வீடு முதலில் இருந்தபோதிருந்த பழைய பின்சுவர். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே நீட்டியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

கவுன்சிலின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் பழைய விண்ணப்பங்கள் பெரும்பாலும் கிடைக்கும். ஒப்புதலான வரைபடத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் நின்று, ஜன்னலும் கூரையும் அதேபோல இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டுமானம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற விதிகள்) நிறைவுச் சான்றிதழையும் கேளுங்கள். அது வேறு விஷயம்: வண்டி ஓட்டும் லைசென்ஸ் வேறு, வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது என்ற சான்று வேறு இல்லையா, அப்படி.

காகிதம் இல்லையென்றால் விற்பவர் காப்பீடு எடுத்துத் தர முன்வரலாம். அது கவுன்சில் நடவடிக்கையால் வரும் நஷ்டத்தைத்தான் ஈடுகட்டும். அனுமதியில்லாத அறையைச் சட்டப்படியானதாக்காது, ஒழுகும் கூரையையும் சரிசெய்யாது.